வகுப்புத்தடைக் கடிதமும் ஒரு மாதக் கெடுவும்

வகுப்புத்தடை போடப்பட்டிருந்த என் கட்சிக்காரப் பிள்ளை போன கிழமை பரீட்சை எழுதிவிட்டாள். மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் எனக்குத்தான் முதலில் போன் எடுத்தாள். அந்தச் சந்தோசம் இன்னும் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் அலைந்த அலைச்சலை எழுதி வைக்க வேண்டும். இதே நிலையில் இன்னொரு மாணவர் வந்தால் நாள் வீணாகக் கூடாது.

நான் திருகோணமலையில் தொழில் செய்யும் சட்டத்தரணி. பிள்ளையின் வீடு இங்கே, படிப்பது வேறு மாவட்டத்தில் ஓர் அரச உயர்கல்வி நிறுவனத்தில். அவள் இன்னும் அங்கே படிப்பதால் பெயர் வேண்டாம். விடுதிக் குழாய்த் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் படம் எடுத்து, "இது தேத்தண்ணி இல்லை, நாங்கள் முகம் கழுவும் தண்ணி" என்று முகநூலில் போட்டாள். அவ்வளவுதான். "நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம்" என்று ஆறு மாத வகுப்புத்தடை.

கடிதத்தை அவர்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை, விடுதிக்கு அனுப்பினார்கள். விடுதியை விட்டு வெளியே போகச் சொன்னதும் அவர்கள்தான். ஒரு தோழி எடுத்துக் கொடுத்து, அது என் மேசைக்கு வந்தபோது கடிதத் திகதியிலிருந்து 21ஆம் நாள். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதாட இடமுண்டு. ஆனால் அதை நம்பி இருக்கவே கூடாது. கடிதத்தில் உள்ள திகதியிலிருந்தே எண்ணுங்கள்.

அம்மாவுக்கு வழக்கே வேண்டாம். "பிள்ளை படிச்சு முடிச்சாக் காணும் மிஸ், பெரிய இடத்தோட எங்களுக்கு என்னத்துக்கு" என்றார். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 2006 ஜனவரி 2ஆம் திகதி காந்தி சிலையடியில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட ஊர் இது. பிள்ளை என்றால் வாயைத் திறக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்று நினைக்கும் தாய்மார் இங்கே நிறையப் பேர். ஒரு மணித்தியாலம் இருந்து பேசினோம். கடைசியில் மகள்தான் சொன்னாள்: "நான் பொய் எழுதேல்ல அம்மா." அப்புறம் அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தது அடுத்த நாளே சுலபமாக முடிந்தது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவில், ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு கொடுத்தால் ஆணைக்குழுவின் விசாரணை நடக்கும் காலம் மனுவுக்கான ஒரு மாதக் கணக்கில் சேராது என்று இருக்கிறது. ஆனால் முறைப்பாட்டு ரசீது மட்டும் போதாது, விசாரணை உண்மையாக நடந்துகொண்டிருந்தது என்று காட்டச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்பார்கள். அதனால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு மனு வேலையை நிறுத்தாதீர்கள்.

23ஆம் நாள், விடிய முன் பஸ் ஏறி நிறுவனத்துக்குப் போனோம். எந்த விதியின் கீழ் தடை என்று கடிதத்தில் இல்லை. அந்த விதியின் பிரதி கேட்டுத் தகவல் அறியும் உரிமை விண்ணப்பம் கொடுக்க வேண்டும். கருமபீடத்தில் இருந்தவர் விண்ணப்பத்தை வாங்கி, வாசித்து, இரண்டு விரலால் எங்கள் பக்கம் தள்ளினார். "இது என்னத்துக்கு உங்களுக்கு?" காரணம் கேட்க அவருக்கு அதிகாரமே இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. கிடைத்ததும் எழுத்தில் ஒப்புகை தர வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டத்தை எடுத்துக் காட்டினேன். "பொறுப்பானவர் லீவு, திங்கள் வாங்கோ" என்றார். முத்திரை குத்த மாட்டேன் என்றார். இரண்டரை மணித்தியாலம் நின்றோம். பிள்ளையின் கூடப் படிப்பவர்கள் அந்த வழியால் போனார்கள், அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதை நினைக்க இப்போதும் எனக்கு நெஞ்சு எரிகிறது.

பிறகு தபாற்கந்தோருக்கு ஓடினோம். மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வாங்கினேன். யாராவது கையில் வாங்க மறுத்தால் அங்கே நின்று சண்டை பிடிக்காதீர்கள், அன்றைக்கே பதிவுத் தபாலில் போடுங்கள். ரசீதைப் போட்டோ எடுத்து வையுங்கள், அந்த மை சீக்கிரம் மங்கிவிடும்.

அடுத்த பிழை என்னுடையது. மனுவில் உள்ளது உண்மை என்று பிள்ளை சத்தியம் செய்து கையெழுத்து வைக்கும் சத்தியக் கடதாசியை ஆங்கிலத்தில் தயாரித்தேன். வழக்கில் தோன்றும் சட்டத்தரணியே தன் கட்சிக்காரரின் சத்தியக் கடதாசியை அத்தாட்சிப்படுத்த முடியாது என்பதால் ஒரு சமாதான நீதவானிடம் அனுப்பினேன். பிள்ளை கையெழுத்து வைத்தாள், அவர் முத்திரை குத்தினார், எல்லாம் சரி என்று நினைத்தேன். 28ஆம் நாள் மாலை கொழும்பில் என் சக சட்டத்தரணி பார்த்துவிட்டுப் போன் எடுத்தார்: "பிள்ளைக்குத் தமிழில் வாசித்து விளங்கப்படுத்தியது என்ற வரி கடைசியில் இல்லையே?" இல்லை. மற்றப் பக்கத்தார் பிடிக்கும் முதல் ஓட்டை அதுதான். அம்மாவும் மகளும் நானும் அன்றிரவே கொழும்பு பஸ்ஸில் ஏறினோம். காலை, நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் தமிழ் தெரிந்த ஒரு சமாதான நீதவான் முன்னால் மறுபடி வாசித்து, விளக்கி, கையெழுத்து. 29ஆம் நாள், மதியத்துக்கு முன் மனு பதிவானது. அம்மா நீதிமன்ற நடைபாதையில் உட்கார்ந்து, தான் கொண்டுவந்த இடியப்பப் பார்சலை எனக்கும் பிரித்துத் தந்தார்.

தகவல் கோரிக்கைக்குப் பதில் மூன்று கிழமைக்குப் பிறகு வந்தது. உறையை நின்றபடியே கிழித்தேன். சமூக ஊடகம் பற்றி அவர்களிடம் விதி எதுவும் இல்லை. ஒரு சுற்றறிக்கை மட்டும் இருந்தது, அதுவும் அவள் படம் போட்டு ஐந்து நாளுக்குப் பிறகு எழுதியது! உறுப்புரை 14(1)(அ) தரும் பேச்சுச் சுதந்திரத்தை 15ஆம் உறுப்புரைப்படி சட்டத்தால் மட்டுமே மட்டுப்படுத்தலாம். அலுவலகச் சுற்றறிக்கை சட்டம் ஆகாது. சத்தம் எழுப்பி எதிர்ப்புக் காட்டுவதும் பேச்சுத்தான் என்று 1993இலேயே 'ஜனகோஷா' வழக்கில் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு குவளைத் தண்ணீர்ப் படம் எப்படிப் பேச்சாகாமல் போகும்? அந்தப் பதிலை மேலதிக ஆவணமாகப் பிரேரணையுடன் சேர்த்தோம்.

மனு எடுக்கப்பட்ட நாளில் சட்டமா அதிபர் சார்பில் வந்தவர் அறிவுறுத்தல் பெற அவகாசம் கேட்டார். வழக்கின் அடுத்த தவணையன்று வந்து, வகுப்புத்தடை நீக்கப்படுவதாகச் சொன்னார். மனு அத்துடன் முடிவுக்கு வந்தது. பேச்சுரிமை பற்றி ஒரு வரித் தீர்ப்புக்கூட வரவில்லை, எனக்கு அது மனவருத்தம்தான். ஆனால் பரீட்சைக்குப் பதினொரு நாள் இருந்தது. அவளைக் கேட்டேன், படிக்க வேண்டும் என்றாள்.

வகுப்புத்தடைக் கடிதம் அவளுடைய தனிப்பட்ட கோப்பில் இன்னும் கிடக்கிறது. அதை நீக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன், இந்த முறையும் பதிவுத் தபாலில். மறுமொழி வரவில்லை.