இரண்டாம் பாகம் முடிந்தது

விடிய ரெண்டு மணிக்கு ‘அயர்ன் ஃப்ளேம்’ வாசித்து முடித்தேன். ரெபெக்கா யாரோஸின் டிராகன் கதை வரிசையில் இரண்டாவதாக, 2023 நவம்பரில் வந்த நாவல். அம்மா வைத்துவிட்டுப் போன தேத்தண்ணி ஆறி, ஆடை படிந்து கிடந்தது.

டிராகன் சண்டைகளை விட என்னைப் பிடித்து வைத்திருந்தது அந்த ஆவணக்காப்பகம்தான். கதையில், நாட்டின் எல்லைக்கு அப்பால் வெனின்கள் என்ற தீய மந்திரவாதிகள் ஊர்களை அழிக்கிறார்கள். உள்ளே இருக்கிற சனத்துக்கு அது வெறும் பழங்கதை என்று சொல்லியே வளர்த்திருக்கிறார்கள். வரலாற்றுப் புத்தகங்களில் அது இல்லாமலே ஆக்கப்பட்டிருக்கிறது. கதாநாயகி வயலெட் அந்த உண்மையைத் தேடிப் பூட்டி வைத்த ஏடுகளிடம் போகிறாள். அதற்கு உதவுகிற ஜெசினியா காது கேளாதவள், கையால் கதைப்பவள். தன் உயிரைப் பணயம் வைத்து நூல்களைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். எனக்கு இந்தக் கதையில் ஆக வீரமானவள் அவள்தான்.

1981இல், மே 31 இரவு எரிக்கப்பட்ட எங்கட யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. சுவடிகளும் சேர்த்து. அதைக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்ட முடியவில்லை.

சரி, காதல்? கிளர்ச்சித் தலைவரின் மகன் ஸேடன், ‘கேள், சொல்கிறேன்’ என்கிறான். கேட்காமலே சொல்ல வேண்டும் என்கிறாள் வயலெட். நடுவில் இந்தச் சண்டை கொஞ்சம் இழுபடுகிறது. ஆனாலும் நான் முழுக்க அவள் பக்கம்தான். என்ன கேட்பது என்றே தெரியாதவள் எப்படிக் கேட்பாள்?

வாசித்தவர்கள் வாருங்கள், கதைப்போம். முடிவை மட்டும் இங்கே எழுதாதேங்கோ, தங்கச்சி இன்னும் பாதியில்தான் நிற்கிறாள்.