டிஸ்ப்ளே வரவில்லையா? கார்டைக் கழற்றுவதற்கு முன்னும் பின்னும்

புதிதாகக் கூட்டிய கம்ப்யூட்டரில் பவர் பட்டனை அழுத்தியாயிற்று. ஃபேன்கள் சுற்றுகின்றன, விளக்குகள் எரிகின்றன, மானிட்டர் மட்டும் 'நோ சிக்னல்' என்கிறது. பெரும்பாலானவர்கள் அந்த நிமிடமே 'கிராபிக்ஸ் கார்டு போச்சு' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கேபினெட்டுக்குள் விலை அதிகமானது அதுதான் என்பதால் வயிற்றைக் கலக்குவதும் அதுவே. பழைய சிஸ்டம் என்றால் நேற்றுவரை ஓடிய பாகங்களை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பார்க்கலாம். புதுசில் அந்த வசதி கிடையாது. ரேம், பிராசஸர், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), மானிட்டர் கேபிள் எல்லாமே இன்னும் ஒரு தடவைகூட ஓடிக் காட்டாதவை. அதனால் காசு செலவாகாத சோதனைகளிலிருந்து தொடங்குவதே நல்லது.

முதலில் கேபிள். எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில் செருகிவிட்டு டிஸ்ப்ளே வரவில்லை என்பவர்கள் நிறைய. கேபிள் கேபினெட்டின் பின்புறம் கீழே படுக்கையாக இருக்கும் கார்டின் போர்ட்டில் இருக்க வேண்டும். மானிட்டரில் எந்த இன்புட் தேர்வாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். டிஸ்ப்ளே போர்ட் கேபிளில் சந்தேகம் இருந்தால் எச்டிஎம்ஐயில் ஒரு முறை போட்டுப் பாருங்கள். மலிவான சில டிஸ்ப்ளே போர்ட் கேபிள்களில் 20ஆவது பின்னை இணைத்திருப்பார்கள், இணைக்கக் கூடாது. அந்த வழியாக மானிட்டரின் 3.3 வோல்ட் கார்டுக்குள் திரும்பி வந்து சிஸ்டத்தைப் பூட் ஆகவிடாமல் செய்யும்.

பிராசஸருக்குள் கிராபிக்ஸ் இருக்கிறதா என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஐ5 12400இல் உண்டு, 12400எஃப்பில் கிடையாது. ரைசன் 5600இல் கிடையாது, 5600ஜியில் உண்டு. ரைசன் 7600இல் உண்டு, 7500எஃப்பில் கிடையாது. உண்டு என்றால் வேலை பாதியாகிவிடும்: கார்டை முழுதாகக் கழற்றி வைத்துவிட்டு, மானிட்டரை மதர்போர்டில் மாட்டி ஆன் செய்யுங்கள். படம் வந்தால் பிராசஸர், ரேம், போர்டு மூன்றும் பெரும்பாலும் சரி. வராவிட்டால் கார்டின் மேல் பழி போட இப்போதைக்கு எந்தக் காரணமும் இல்லை.

டிடிஆர்5 ரேம் போட்டவர்களுக்கு, குறிப்பாக ரைசன் 7600 போன்றவற்றுக்கான ஏஎம்5 போர்டுக்காரர்களுக்கு, இன்னொரு பொறி காத்திருக்கிறது. முதல் முறை ஆன் செய்யும்போது போர்டு ரேமைப் பழக்கிக்கொள்ள நேரம் எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். சில நிமிடங்கள் ஆகலாம், ரேமின் அளவு கூடக் கூட இன்னும் நீளும். பொறுமையிழந்து பட்டனை அழுத்தி அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு ஒரு டீ குடித்து வாருங்கள். போர்டின் அமைப்புகளைச் சேமிக்கும் சீமாஸை கிளியர் செய்தாலும் இதே காத்திருப்பு திரும்ப வரும்.

இப்போதைய போர்டுகள் பலவற்றில் ஓரமாக நான்கு குட்டி விளக்குகள் இருக்கும்: சிபியு (பிராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ் கார்டு), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்). தொடக்கத்தில் நான்கும் மாறி மாறி மின்னும். எது அணையாமல் நின்றுவிடுகிறதோ அங்கேதான் சிக்கல். விளக்கு இல்லாத போர்டில் சிறிய ஸ்பீக்கர் ஒன்றை மாட்டினால் ஒரு நீளமும் இரண்டு அல்லது மூன்று குட்டையுமாக பீப் வருவது பொதுவாகக் கார்டைக் குறிக்கும். விஜிஏ விளக்கு எரிந்தாலும் அதன் பொருள் 'கார்டிடமிருந்து பதில் வரவில்லை' என்பது மட்டுமே. கார்டு சரியாக உட்காராவிட்டாலும், பவர் போகாவிட்டாலும் அதே விளக்குதான் எரியும். செலவை மிச்சப்படுத்த 2012க்கு முந்தைய பழைய கார்டு ஒன்றைப் புதிய போர்டில் போட்டிருந்தாலும் எரியலாம். அந்தக் காலத்துக் கார்டுகள் பலவற்றில் யுஇஎஃப்ஐ என்னும் புதிய தொடக்க முறைக்கான ஃபர்ம்வேர் கிடையாது, போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் சிஎஸ்எம் (பழைய முறைக்கு இடம் கொடுக்கும் அமைப்பு) ஆஃபாக இருந்தால் அவை படம் காட்டாது.

இனிமேல்தான் ஸ்க்ரூ டிரைவர். எஸ்எம்பிஎஸ் ஸ்விட்சை அணைத்து, வயரை உருவி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடியட்டும். பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஸ்லாட்டின் முனையில் இருக்கும் லாட்சை அமுக்கிக் கார்டை நேராக மேலே எடுங்கள். தங்க நிறப் பட்டைகளின் மேல் பிளாஸ்டிக் உறை இன்னும் இருக்கிறதா பாருங்கள், அப்படியே செருகுபவர்களும் உண்டு. திரும்பப் போடுவது பிராசஸருக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் நீள ஸ்லாட்டில். இரண்டாவது நீள ஸ்லாட் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் பல போர்டுகளில் அதில் நான்கு லேன் (தரவுப் பாதை)தான் ஓடும். லாட்ச் 'டக்' என்று விழ வேண்டும். பிறகு ஸ்க்ரூவை இறுக்கும்போது கார்டின் மறுமுனையைக் கவனியுங்கள். மலிவான கேபினெட்டுகளில் பின்தகடு கொஞ்சம் தள்ளி இருக்கும், ஸ்க்ரூ இறுகும்போது தகடு கார்டை இழுத்து அந்த முனையை ஸ்லாட்டிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தூக்கிவிடும். அந்த ஒரு மில்லிமீட்டர் போதும். சந்தேகம் இருந்தால் ஸ்க்ரூ போடாமலே ஒரு முறை ஆன் செய்து பாருங்கள். கடைகளில் பட்டைகளை அழிரப்பரால் தேய்ப்பார்கள். அது பழைய கார்டுக்கான வைத்தியம். புதுக் கார்டுக்குத் தேவையில்லை, ரப்பர் தூள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புதுத் தலைவலி.

பவர் இணைப்பில் நிதானமாக நேரம் செலவிடுங்கள், புதுசில் வரும் கோளாறுகளில் கணிசமானவை இங்கேதான் இருக்கின்றன. ஸ்லாட் வழியாகக் கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். 6 பின் இணைப்பு இன்னொரு 75, 8 பின் 150, புதிய 16 பின் 600 வரை. 170 வாட் ஆர்டிஎக்ஸ் 3060க்கு ஒரு 8 பின் போதும். 320 வாட் ஆர்டிஎக்ஸ் 3080க்கு இரண்டாவது வேண்டும். இணைப்பை மறந்தால் சில கார்டுகள் திரையில் எழுதியே காட்டும், சில சாக்கெட் அருகே சிவப்பு விளக்கு எரியவிடும், சில ஃபேனை மட்டும் சுற்றவிட்டு வாயே திறக்காது. 6+2 என்று பிரிந்திருக்கும் பிளக்கில் அந்த 2 பின் துண்டு சேராமல் வெளியே தொங்குவதும் சகஜம்.

பிராசஸருக்கான 4+4 பின் கேபிளும் கார்டுக்கான 6+2 கேபிளும் ஒன்றுபோலத் தெரியும். பின்களின் வடிவம் வேறு, 12 வோல்ட்டும் கிரவுண்டும் வரும் பக்கங்களும் நேர்மாறு. பலவந்தமாக அழுத்தினால் ஷார்ட். அதைவிட மோசம், பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிளைப் புதியதில் மாட்டுவது. கார்டுப் பக்கம் இருக்கும் பிளக் எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றுதான், எஸ்எம்பிஎஸ் பக்கம் அப்படி எந்தத் தர அளவும் இல்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களிலேயே பின் வரிசை மாறலாம். நன்றாக இருந்த கார்டு முதல் ஆனிலேயே இப்படிச் சாகலாம். பெட்டியோடு வந்த கேபிளைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள்.

ஒரே கேபிளில் இரண்டு பிளக் தொங்கினால் 300 வாட் கார்டுக்கு அது ஒன்றையே நம்ப வேண்டாம், இரண்டு தனிக் கேபிள்களை இழுங்கள். எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது பெட்டியின் பெரிய எழுத்தைப் பார்க்காமல் பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 30 ஆம்பியர் என்றால் 360 வாட்தான், முகப்பில் 500 என்று போட்டிருந்தாலும். புதிய கார்டுகள் மில்லிசெகண்டுக்கும் குறைவான நேரத்தில் சராசரியைவிட இரண்டு மடங்கு வரை உறிஞ்சும். ஏடிஎக்ஸ் 3.0 தரத்தில் வரும் எஸ்எம்பிஎஸ்கள் 100 மைக்ரோசெகண்டுக்குத் தங்கள் அளவின் இரு மடங்கைத் தாங்க வேண்டும் என்று வைத்தது இதற்காகத்தான். கேம் தொடங்கிய சில நிமிடத்தில் சிஸ்டம் பொத்தென்று அணைந்தால் முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல். திரை மட்டும் கறுத்து, கார்டின் ஃபேன் முழு வேகத்தில் அலறினால் கார்டு அல்லது அதற்கான பவர் கேபிள்.

16 பின் இணைப்பில் 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளின் பிளக்குகள் உருகியது நினைவிருக்கும். முழுதாக உள்ளே போகாத பிளக் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. பிறகு வந்த 12வி-2எக்ஸ்6 வடிவத்தில் பிளக் செருகப்பட்டதைக் கார்டுக்குச் சொல்லும் சென்ஸ் பின்களைக் குட்டையாக்கினார்கள், பாதி செருகினால் கார்டு பவர் எடுக்காது. எந்த வடிவமானாலும் பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே இடைவெளி தெரியக் கூடாது. பிளக்கிலிருந்து சுமார் 35 மிமீ வரை கேபிளை நேராக விட்டு, அதற்குப் பிறகு வளையுங்கள்.

படம் வந்துவிட்டது, ஆனால் நிலைக்கவில்லை என்பது வேறு கதை. திரையில் வண்ணச் சதுரங்களோ கோடுகளோ தெரிந்தால் ஒரே ஒரு கேள்வி: பயாஸ் திரையிலும் தெரிகிறதா? அங்கே டிரைவர் கிடையாது. அங்கேயும், வேறு கேபிள், வேறு மானிட்டர் போட்டும் தெரிந்தால் கார்டின் மெமரியோ சிப்போ பழுது, விண்டோஸைத் திரும்பத் திரும்ப இன்ஸ்டால் செய்து பயனில்லை. பயாஸ் சுத்தமாக இருந்து விண்டோஸில் மட்டும் என்றால் டிடியு நிரலைக் கொண்டு சேஃப் மோடில் பழைய டிரைவரைத் துடைத்துவிட்டு, இன்டர்நெட்டைத் துண்டித்த நிலையில் புதியதைப் போடுங்கள். நெட் இருந்தால் விண்டோஸ் அப்டேட் நடுவில் தன் பங்குக்கு ஒரு டிரைவரைத் திணிக்கும். சுத்தமாகப் போட்ட பிறகும் டிவைஸ் மேனேஜரில் கோட் 43 (கோளாறு தெரிந்ததால் விண்டோஸ் கார்டை நிறுத்திவிட்டது) வந்தால் கார்டின் மேல் சந்தேகம் கனக்கிறது.

கார்டைச் சுட்டும் எச்சரிக்கைகள் எல்லாம் உண்மை பேசுவதில்லை. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ஐ9, ஐ7 பிராசஸர்களில் சில கேம்கள் 'அவுட் ஆஃப் வீடியோ மெமரி' என்று சொல்லி மூடிக்கொண்டன. கார்டில் மெமரி தாராளமாக இருந்தது. ஷேடர்களை (காட்சியை வரையும் சிறு நிரல்களை) விரிக்கும்போது பிராசஸர்தான் தவறியது. அதிக வோல்ட்டேஜ் பிராசஸரைத் தேயவைத்ததை இன்டெல் ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்னும் மைக்ரோகோடு (பிராசஸருக்குள் போகும் திருத்தம்) வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. இந்த வகைப் பிராசஸர் வைத்திருப்பவர்கள் கார்டைச் சோதிக்கும் முன் பயாஸை அப்டேட் செய்யுங்கள். தேய்ந்துபோன பிராசஸரை அது திருத்தாது என்பதும் தெரிந்திருக்கட்டும். அதேபோல ரேமை வேகப்படுத்தும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை ஆஃப் செய்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள், 'டிஸ்ப்ளே டிரைவர் நின்று மீண்டது' என்னும் விண்டோஸின் 4101 எச்சரிக்கைகள் சில நேரம் அதோடு நின்றுபோகும். கார்டை நிமிர்த்தி வைக்க ரைசர் கேபிள் போட்டிருந்தால், அது மூன்றாம் தலைமுறை பிசிஐஇ (ஸ்லாட் இணைப்பு) கேபிளா, கார்டு நான்காம் தலைமுறையா என்று பாருங்கள். ஆம் என்றால் பயாஸில் ஸ்லாட்டை ஜென் 3க்கு இறக்குங்கள்.

பழுதாகத் தெரிந்து பழுதல்லாதவையும் உண்டு. சும்மா இருக்கும்போது ஃபேன் சுற்றாதது பழுதல்ல, பல கார்டுகளில் 50, 60 டிகிரி வரை நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் நிரலில் லிங்க் வேகம் (ஸ்லாட் இணைப்பின் தலைமுறை) 1.1 என்று தெரிவதும் ஓய்வில் இயல்பு, பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்திச் சுமை கொடுத்தால் ஏறும். சுமையில் 'ஙொய்' என்று கார்டின் காயில் (மின்சுருள்) போடும் சத்தம் எரிச்சல் தரும், ஆபத்து இல்லை.

உண்மையான ஆலைக் கோளாறுகளும் நடக்கின்றன. 2025 தொடக்கத்தில் ஆர்டிஎக்ஸ் 5090 கார்டுகள் சிலவற்றில் பிக்சல்களை இறுதியாக வரையும் ஆர்ஓபி அலகுகள் 176க்குப் பதில் 168தான் இருந்தன, 5070 டிஐயில் 96க்கு 88. படம் ஒழுங்காக வரும், கேம் ஓடும், வேகம் மட்டும் சராசரியாக 4 சதவீதம் குறையும் என்று என்விடியாவே சொன்னது. ஜிபியு-இசட்டைத் திறந்து பார்க்காதவருக்குத் தெரிய வழியே இல்லை. அதே நிரல் போலிக் கார்டையும் காட்டிக் கொடுக்கும், பெயருக்கு முன்னால் ஃபேக் என்று போடும். 2022 இறுதியில் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டுகளில் ஒரு தொகுதிக்குக் கூலரில் சூட்டைக் கடத்தும் வேப்பர் சேம்பருக்குள் தண்ணீர் போதவில்லை, ஹாட் ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான புள்ளி) 110 டிகிரியைத் தொட்டு வேகம் இறங்கியது. ஆகவே சுமையில் சராசரி வெப்பத்தோடு ஹாட் ஸ்பாட்டையும் பாருங்கள். இரண்டுக்கும் இடையே 10 முதல் 20 டிகிரி சகஜம், 30ஐத் தாண்டினால் கூலர் சரியாகப் பொருந்தவில்லை. கார்டின் மெமரிக்கு ஓசிசிடி நிரலின் விரேம் சோதனை அல்லது மெம்டெஸ்ட் வல்கன் ஓட்டுங்கள். கார்டு ஓவர்கிளாக் இல்லாமல் தன் இயல்பு வேகத்தில் இருக்கும்போது ஒரே ஒரு பிழை வந்தாலும் கார்டைத் திருப்பிக் கொடுக்கலாம்.

ஆனால் கடைசித் தீர்ப்பு மாற்றிப் போட்டுப் பார்ப்பதில்தான், அதுவும் இரண்டு பக்கமும். உங்கள் கார்டை நண்பர் சிஸ்டத்தில், நண்பர் கார்டை உங்கள் சிஸ்டத்தில். ஒரு பக்கம் மட்டும் செய்தால் எஸ்எம்பிஎஸ்ஸும் ஸ்லாட்டும் சந்தேகத்திலேயே நிற்கும். குறைந்த வாட் கார்டை இரவல் வாங்கி, அது ஓடியதும் 'என் கார்டுதான் பழுது' என்பவர்கள் உண்டு. 75 வாட் கார்டு ஓடுவது 320 வாட்டுக்கு எஸ்எம்பிஎஸ் தாங்கும் என்பதற்குச் சான்று ஆகாது.

கார்டுதான் என்று உறுதியானால் கூலரைக் கழற்றவோ கார்டின் ஃபர்ம்வேரான விபயாஸை மாற்றி எழுதவோ வேண்டாம், வாரண்டி அங்கேயே முடிந்துவிடலாம். கார்டின் சீரியல் எண்ணும் பெட்டியின் எண்ணும் பில்லின் எண்ணும் ஒன்றா என்று சரிபார்த்துப் படமெடுங்கள். பயாஸ் திரையில் தெரியும் கோளாறை ஒரே வீடியோவாக, சீரியல் ஸ்டிக்கரும் தெரியும்படி எடுத்தால் சர்வீஸ் சென்டரில் 'டிரைவர் போட்டுப் பாருங்கள் சார்' என்ற சுற்று மிச்சமாகும். கார்டைக் கழற்றி ஆன்டி ஸ்டாடிக் பையில் போட்டுத் தனியாகவே அனுப்புங்கள். கேபினெட்டுக்குள் மாட்டியபடி கூரியரில் போன கனமான கார்டு ஸ்லாட்டையும் பிய்த்துக்கொண்டு வரும். மாற்றாக வருவது பல நேரம் பழுது பார்த்த கார்டாக இருக்கும், வந்த அன்றே ஆர்ஓபி எண்ணிக்கையையும் மெமரி சோதனையையும் ஓட்டிவிடுங்கள்.