கம்பியில்லா இணையத் தொலைபேசி: பாதி வேலை ரவுட்டரில்தான்

தொலைபேசியின் பேஸை, அதாவது ஹேண்ட்செட்டோடு கம்பியில்லாமல் தொடர்புகொள்ளும் பெட்டியை, ரவுட்டரோடு ஒட்டி வைக்காதீர்கள். ஒரு மீட்டராவது தள்ளி, சற்று உயரத்தில் இருக்கட்டும். ஹேண்ட்செட்டுக்கு ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிதான். சாதாரண ஆல்கலைன் செல்லைப் போட்டுச் சார்ஜரில் வைத்தால் கசியும், வெடிக்கவும் கூடும்.

பேஸை ரவுட்டரோடு லேன் கேபிளால் இணைத்து, பேஸின் பட்டனை அழுத்திப் பிடித்து ஹேண்ட்செட்டை இணையுங்கள். மெனுவில் தெரியும் ஐபி முகவரியை பிரவுசரில் திறந்து, சேவை நிறுவனம் தந்த எஸ்ஐபி (இணைய அழைப்பை இணைத்துவைக்கும் நெறிமுறை) சர்வர், பயனர் பெயர், கடவுச்சொல்லைப் போடுங்கள். போர்ட் எண் பெரும்பாலும் 5060.

மணி அடிக்கிறது, எடுத்தால் ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கிறதா? என் முதல் சந்தேகம் எப்போதும் ரவுட்டரின் எஸ்ஐபி ஏஎல்ஜி, அதாவது இணைய அழைப்புகளுக்கு உதவ வைத்த வசதி மேல்தான். உதவுகிறேன் பேர்வழி என்று பாக்கெட்டுக்குள் இருக்கும் முகவரிகளை மாற்றிக் குழப்பிவிடும். அதை அணைத்து, ரவுட்டர், பேஸ் இரண்டையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். வெளியே பேச முடிகிறது, கொஞ்ச நேரத்தில் உள்வரும் அழைப்பு மட்டும் நின்றுபோகிறது என்றால், சும்மா கிடந்த இணைப்பை ரவுட்டர் மூடிவிட்டது என்று அர்த்தம். இணைப்பு மூடாமலிருக்க பேஸ் அவ்வப்போது அனுப்பும் ‘கீப் அலைவ்’ செய்தியின் இடைவெளியை 30 நொடியாகக் குறையுங்கள்.

ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக மாற்றும் ஒரு முறை) ஓர் அழைப்புக்குத் திசைக்குச் சுமார் 90 கேபிபிஎஸ் போதும். ஆகவே குரல் வெட்டினால், பிளானை மாற்றுமுன் வீட்டில் யார் அப்லோடு செய்கிறார்கள் என்று பாருங்கள். மின்தடையிலும் பேச வேண்டுமா? பேஸ், ரவுட்டர், மோடம் எல்லாமே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும்.