பொந்தன்புளி

ஜூலை 2
இலங்கை நேவி படகோடு பிடித்துக்கொண்டுபோன அண்ணனின் வாய்தா தள்ளிப்போய்விட்டது. 16-ம் தேதியாம்.

ஜூலை 3
கறுத்த ஆட்டைத் தேடிக் கருவக்காட்டுக்குள் வெகுதூரம் போய்விட்டேன். கச்சான் காற்று அடித்து மூக்கு வாயெல்லாம் மண். உள்ளே யாரோ சுவர் எழுப்பியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். சாம்பல் நிறம், அடியில் ஆனைக்காலில் விழுகிற மாதிரி மடிப்பு மடிப்பாக. அண்ணாந்து பார்த்த பிறகுதான் மரம் என்று புரிந்தது. பிறந்ததிலிருந்து இந்த ஊர்தான், ஒருத்தரும் சொன்னதில்லை. ஆடு பொந்துக்குள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கிறது, மகாராணி மாதிரி.

ஜூலை 4
அம்மா இன்றும் சாப்பிடவில்லை.

ஜூலை 6
அண்ணனின் கயிற்றை எடுத்துக்கொண்டு போனேன். மரத்தைச் சுற்றிக் கட்டி, அவிழ்த்து, கடலில் ஆழம் பார்க்கிற மாதிரி கையை விரித்துப் பாகம் பாகமாக அளந்தேன். என் கைக்கு ஏழு பாகம். அண்ணன் கைக்கு ஆறுதான் வரும்.

ஜூலை 7
சாரிடம் படம் காட்டினேன். பொந்தன்புளி என்றார். ஆப்பிரிக்க மரம், அந்தக் காலத்தில் அரபு வியாபாரிகள் கப்பலில் கொண்டுவந்ததாகச் சொல்வார்களாம். அப்புறம் பெரியபட்டினத்தில் சீனத்துப் பாண்ட ஓடு கிடைத்த கதைக்குப் போய்விட்டார். நான் கேட்டது வயது. இந்த மரத்தில் வளையத்தை எண்ணி வயது சொல்ல முடியாது, உள்ளே பொந்தாகிவிடும், கார்பன் சோதனை செய்தால்தான் உண்டு என்றார். சரி. 64 புயலைப் பார்த்திருக்கும், அது நிச்சயம். தனுஷ்கோடியைக் கொண்டுபோன காற்று இதையும் உலுக்கித்தான் பார்த்திருக்கும்.

ஜூலை 9
ஆள் வரலாம், படகு வராது என்கிறார்கள் மீனவர் சங்கத்தில். ஆள் போதும் என்றாள் மதினி. அம்மா பேசவில்லை. கடன் படகின் மேல்தான் இருக்கிறது.

ஜூலை 11
பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தேன். நீளக் காம்பில் தலைகீழாகத் தொங்கின மொட்டு இருட்டுகிற நேரத்தில் விரிந்தது. உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைப் பூ. நாற்றம்தான் சகிக்கவில்லை. வௌவாலுக்கு அதுதான் பிடிக்கிறது.

ஜூலை 12
அங்கே முனி இருக்கிறது, இருட்டிய பிறகு போகாதே என்கிறாள் அத்தை. இருக்கட்டுமே.

ஜூலை 13
மன்னாரில் பள்ளிமுனையிலும் ஒன்று நிற்கிறது. அங்கே பெருக்கமரம் என்கிறார்கள். சுற்றளவு 19 மீட்டருக்கு மேலே. கணக்குப் போட்டுப் பார்த்தேன், அண்ணன் கைக்குப் பதினோரு பாகம். ஒரே கப்பலில் வந்த விதைகளாகக்கூட இருக்கும், யார் கண்டது? ஒன்றை அந்தக் கரையில் இறக்கினான், ஒன்றை இந்தக் கரையில். பாஸ்போர்ட் எல்லாம் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஜூலை 15
அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டாள். கயிறு எங்கே என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.

ஜூலை 16
பத்து மணிக்கு மேல் கூப்பிடச் சொன்னார்கள். பதினொன்றரை ஆகிவிட்டது, எடுக்கவில்லை. கறுத்த ஆட்டை மறுபடியும் காணோம்.