தரம் 1 மருத்துவப் பரிசோதனையில் பிடிபட்ட கண் குறை

மகள் தரம் 1 படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் மருத்துவப் பரிசோதனை என்று கடிதம் வந்தது. கிளினிக் கொப்பியோடு வரச் சொல்லியிருந்தார்கள். தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து வந்து பார்க்கிற வழக்கமான பரிசோதனைதான். 200 பிள்ளைகளுக்கும் குறைந்த சின்னப் பள்ளிக்கூடம் என்றால் எல்லா வகுப்பையும் பார்ப்பார்கள்.

உயரம், நிறை, பல் எல்லாம் சட்டென்று முடிந்தன. கண்ணில்தான் நின்றது. எழுத்து அட்டை சுவரில், பிள்ளை ஆறு மீற்றர் தள்ளி. வலது கண்ணால் கீழ் வரி வரைக்கும் கடகடவென்று சொன்னாள். அந்தக் கண்ணைப் பொத்தியதும் மேலே இரண்டாவது வரியிலேயே பேச்சு நின்றுவிட்டது. தலையைச் சரித்து விரல் இடுக்கால் பார்க்கத் தொடங்கினாள். பரிசோதகர் அவள் கையைச் சரியாக மூடிவிட்டுத் திரும்பக் கேட்டார். அதே வரிதான்.

வீட்டில் அவள் ஒருநாளும் கண் தெரியவில்லை என்று சொன்னதில்லை. கடற்கரை மணலில் கிடக்கிற பொட்டுச் சிப்பியையும் பொறுக்கி வருவாள். கண் டாக்டர் விளங்கப்படுத்தினார்: ஒரு கண்ணில் மட்டும் பவர் கூடுதலாக இருந்தால், மூளை நல்ல கண் காட்டுவதை எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடுமாம். எப்போதும் அப்படியே பார்த்துப் பழகிய பிள்ளைக்கு அது குறை என்றே தெரியாது. தெரியாததை எப்படி நம்மிடம் சொல்லும்? ஏழெட்டு வயதுக்குள் பிடித்தால் திருத்துவது சுலபம், போகப் போகக் கஷ்டம் என்றும் சொன்னார்.

பள்ளிக்கூடத்தில் தந்த துண்டோடு திருகோணமலைப் பெரியாஸ்பத்திரி கண் கிளினிக்குக்குப் போனோம். வெள்ளெனவே போய்விடுங்கள், சாப்பாடும் கட்டிக்கொள்ளுங்கள். கண்மணி விரியச் சொட்டு மருந்து விட்டு, காத்திருந்து, அப்புறம்தான் பவர் பார்ப்பார்கள். அந்த மருந்துக்கு வெளிச்சம் கூசும், கிட்ட இருப்பது மங்கும். நம்மூர் வெயிலுக்குத் தொப்பி கட்டாயம். பரிசோதனைக்குக் காசு இல்லை. கண்ணாடி மட்டும் வெளியே செய்வித்தோம்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு இந்த வயசில கண்ணாடியோ?" என்று அம்மம்மா கலங்கிப் போனார். அவரையே அடுத்த கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் சொன்னதைத் தன் காதால் கேட்ட பிறகு, கண்ணாடியைத் துடைத்துக் கொடுப்பதே அவர்தான்.

மங்கல் கண்ணுக்கு வேலை கொடுக்க, நல்ல கண்ணைத் தினமும் இரண்டு மணி நேரம் ஒட்டி மூட வேண்டும் என்பதுதான் பெரிய பாடு. முதல் நாள் அழுதாள். மங்கல் கண்ணால் மட்டும் பார்ப்பது அவளுக்கு இருட்டில் விட்டது மாதிரி. பின்னேரங்களில் கோணேசர் கோயில் பாதைக்குக் கூட்டிப் போய், கோட்டைக்குள் நிற்கிற மான்களை எண்ணச் சொன்னோம். மரத்தடியில் படுத்திருப்பதும் சேருமா என்று கேட்டுக் கேட்டு எண்ணினாள். மாதங்கள் போக, இடது கண்ணாலும் அட்டையில் ஒவ்வொரு வரியாக இறங்கினாள். இன்னும் முழுதாகச் சரியாகவில்லை, ஒட்டுகிறோம்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு தாய், ஊசி போடுவார்கள் என்ற பயத்தில் பரிசோதனை நாளன்று தன் மகனைப் பள்ளிக்கூடம் விடவில்லை. எனக்கு அது தாங்கவில்லை. மகளின் கொப்பியை எடுத்துப்போய்க் காட்டிப் பேசினேன். வருகிற கிளினிக் நாளில் அவர்களும் எங்களோடு வருகிறார்கள்.