கடைசி நாள்: பிச்சாவரம், சிதம்பரம், கடலூர்

புதுச்சேரியில் ரூம் போட்டுச் சுற்றுகிற குழுக்கள் பெரும்பாலும் கடைசி நாளில்தான் கோட்டை விடுகின்றன. சாவகாசமாக இட்லி சாப்பிட்டு எட்டரைக்கு வேன் ஏறி, பிச்சாவரத்தில் படகு முடித்துச் சிதம்பரம் வந்து சேர்ந்தால் நடை சாத்தியிருக்கும். இனி மாலைதான் திறப்பார்கள். மாலையில் ரயில்.

அதனால் ஐந்தரைக்கே வேன் கிளம்ப வேண்டும். பெட்டிகளும் கூடவே வரட்டும், ரூமுக்குத் திரும்புகிற பேச்சே கிடையாது. புதுச்சேரிப் பதிவு வேன் என்றால் தமிழ்நாட்டு பெர்மிட்டை முந்தின நாளே கேட்டுப் பார்த்துவிடுங்கள். கடலூருக்குள் நுழையும் இடத்தில் உள்ள ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் யாரோ ஒருத்தர் துண்டில் சுருட்டி வைத்த பாட்டிலுக்காக இருபது பேரும் ரோட்டோரம் நிற்க நேரலாம்.

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம் அலையாத்திக் காடு 15 கிலோமீட்டர். மோட்டார் படகு அகலமான வாய்க்காலோடு திரும்பிவிடும். குடைபோல் கவிந்த சந்துகளுக்குள் போவது துடுப்புப் படகுதான். நீர் வற்றும் நேரத்தில் அதுவும் சேற்றில் தட்டும், ஆகவே ஏற்றமா வற்றமா என்று படகுக்காரரிடம் முதலிலேயே கேளுங்கள். முட்டுக்கால் ஊன்றி நிற்பது சுரபுன்னை. சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருப்பவை வெண்கண்டலின் மூச்சுவேர்கள். கிளை ஒடிக்க யாரையும் விடாதீர்கள். இங்கே தில்லை மரமும் உண்டு, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே மங்கிப்போகும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான். படகில் மரத்தைப் பார்த்துவிட்டுக் கோயிலுக்குப் போனால் அந்தப் பெயர் மனதில் ஒட்டும்.

பத்தரைக்குள் கோயிலில் இருங்கள். நடராஜர் சன்னதிக்கு முன்னாலுள்ள கனகசபை ஏற ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். ஒரே இடத்தில் நின்று நடராஜரையும் கோவிந்தராஜப் பெருமாளையும் பார்த்துவிடலாம். குழுக்கள் தொலைவது வெளியே வரும்போதுதான். நாலு கோபுரமும் ஏழு நிலை, பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். கிழக்கில் செருப்பை விட்டுவிட்டு மேற்கில் வந்து நின்றவருக்கு, உச்சி வெயிலில் கருங்கல் தரை என்றால் என்ன என்று தெரியும். வயசானவர்களுக்கு சாக்ஸ் கொடுத்துவிடுங்கள்.

சாப்பாடு சம்பா சாதம், கத்தரிக்காய் கொத்சு. அதில் விவாதம் வேண்டாம்.

மூன்றரை, நாலுக்குக் கடலூர் தேவனாம்பட்டினம். புனித டேவிட் கோட்டையில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை, 1758-இல் லாலியின் பிரெஞ்சுப் படை இடித்துத் தள்ளியது. கதைதான் பெரிது: 1690-இல் ஆங்கிலேயர் மராத்தியரிடம் இதை வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழுகிற தூரம்வரை நிலம் அவர்களுக்கு என்று பேச்சு. பக்கத்தில் குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர் இன்றும் இருக்கிறது.

ரயிலுக்கு முன் நேரம் இருந்தால் பாடலீஸ்வரர் கோயில், திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்குப் பக்கம்தான். கல்லோடு கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறிய ஊர் இது. ஆனால் கடலூருக்கு இன்னொரு ஸ்டேஷனும் உண்டு: முதுநகரில் இருக்கும் துறைமுகச் சந்திப்பு. இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர், சாயங்கால நெரிசல் வேறு. டிக்கெட்டில் எந்தப் பெயர் இருக்கிறது என்று டிரைவருக்குக் காலையிலேயே படித்துக் காட்டிவிடுங்கள். ‘கடலூர் ஸ்டேஷன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.