ஏ.சி.க்குள் ஒரு பஞ்சுத் தலையணை

எங்கள் வீடு சோமனூரில். மேற்கே ஒரு தறிக்குடோன் (விசைத்தறி ஓடும் கொட்டகை), கிழக்கே ஒரு தறிக்குடோன். சத்தம் பழகிவிட்டது, சொல்லப்போனால் கரண்ட் போய்த் தறி நின்றால்தான் தூக்கம் கலையும். இன்னும் பழகாதது பஞ்சு. ஜன்னல் கம்பியில், ஃபேன் இறக்கையில், காயப்போட்ட வேட்டியில், எங்கே பார்த்தாலும் பஞ்சு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடிக்க ஆரம்பித்தால் மேற்குக் குடோன் பஞ்சு மொத்தமும் நேராக எங்கள் வீட்டுக்குத்தான்.

இந்த ஊரில் ஏ.சி. வாங்கிப் பத்து மாதம் அதன் ஃபில்டரைத் திறந்துகூடப் பார்க்காதவன் நான். போன சித்திரையில் ஒரு ராத்திரி அம்மா எழுப்பினார், கட்டில் கால்மாட்டில் தண்ணீர் சொட்டுகிறது. ஏ.சி.யை நிறுத்திவிட்டு மறுநாள் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் சாயங்காலம் வந்து, வெளியே இருக்கும் பெட்டியில் பைப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கேஸ் கம்மியாயிருச்சுங்ணா, ரொப்பிரலாம்" என்றார். மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்தேன். அன்று ராத்திரி ஜில்லென்று இருந்தது. இரண்டாம் நாளும் பரவாயில்லை. மூன்றாம் நாள் ராத்திரி மறுபடியும் சொட்டு.

அப்போதுதான் கோபத்தில் ஸ்டூலைப் போட்டு ஏறி முன் மூடியைத் தூக்கினேன். உள்ளே இரண்டு நைலான் வலை இருக்க வேண்டும், எனக்குத் தெரிந்தது சாம்பல் நிற ஜமக்காளம். வலையே தெரியவில்லை. உருவி எடுத்தால் பஞ்சு ஒரே பாளமாகக் கழன்று வந்தது. அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, இதுல ஒரு தலகாணி தெச்சரலாமாட்ட இருக்குது" என்றார்.

நடந்தது இதுதான். ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சி, குளிர்ந்த காயில் (குழாய்ச் சுருள்) வழியாக விட்டு, திருப்பித் தருகிறது. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் காற்று குறைவாகப் போகும், காயிலுக்குப் போதிய சூடு கிடைக்காது, அதன் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும், காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் ஐஸாகக் கட்டும். அந்த ஐஸ் உருகும்போது காயிலுக்குக் கீழே தண்ணீர் பிடிக்கிற தட்டு தாங்காமல் தண்ணீர் கட்டிலுக்கு வருகிறது. மெக்கானிக் வருவதற்காக அன்று பகல் முழுக்க ஏ.சி.யை நிறுத்தி வைத்திருந்தேன் இல்லையா, அந்த நேரத்தில் ஐஸ் உருகிவிட்டது, அதனால்தான் இரண்டு நாள் நன்றாக ஓடியது. நான் அதைக் கேஸ் கணக்கில் எழுதிக்கொண்டேன். கேஸ் குறைந்தாலும் ஐஸ் கட்டும் என்பது உண்மைதான், ஆனால் ஏ.சி. கேஸ் வண்டிக்குப் பெட்ரோல் மாதிரி தீர்ந்து போவதில்லை, மூடிய குழாய்க்குள் அதுவேதான் சுற்றிச் சுற்றி வருகிறது, எங்காவது ஓட்டை இருந்தால்தான் குறையும். கேஸ் இல்லை என்று யார் சொன்னாலும் முதலில் ஃபில்டரை உருவிப் பாருங்கள், அப்புறம் ஓட்டை எங்கே என்று கேளுங்கள்.

இதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

அம்மாவுக்கு மூச்சு இளைப்பு உண்டு. அந்த வலையைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை, இதைவிடப் பொடிசாக வடிகட்டுகிற ஃபில்டர் போட்டால் அம்மாவுக்கு நல்லதுதானே? ஆன்லைனில் ஒரு வெள்ளைத் துணி மாதிரியான ஷீட் வாங்கி, அளவுக்கு வெட்டி வலைமேல் ஒட்டினேன். நான்கு நாளில் மறுபடி ஐஸ், மறுபடி சொட்டு. பஞ்சே இல்லாமல் நானே அடைப்பை உண்டாக்கியிருந்தேன்.

சிகாகோ பக்கம் இருக்கும் சித்தப்பா பையனிடம் இதைச் சொன்னால் அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். "ஏனுங்ணா, நானும் இதே கூத்தை இங்க பண்ணீட்டேனுங்" என்றான். அங்கே வீட்டுக்கே ஒரு பெரிய காற்றாடி, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் சூட்டையும் வெயில் காலத்தில் குளிரையும் அதுவேதான் எல்லா அறைக்கும் தள்ளுகிறது, அதன் வாயில் அட்டைச் சட்டம் போட்ட ஃபில்டர் ஒன்று. கழுவக் கூடாது, அழுக்கானால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு. அவன் வீட்டில் 16க்கு 25 அங்குலம், ஒரு அங்குலக் கனம். அட்டையில் போட்டிருக்கும் அளவைவிட நிஜ அளவு கொஞ்சம் குறைவாக இருக்குமாம், அளந்து பார்த்துவிட்டுக் கடைக்காரனிடம் சண்டைக்குப் போகக் கூடாது. ஓரத்தில் ஒரு அம்புக்குறி இருக்கும், அது காற்று போகிற பக்கம், அதாவது ஃபர்னஸைப் பார்த்து இருக்க வேண்டும். மெர்வ் என்று ஒரு எண், 1 முதல் 16 வரை. எண் ஏற ஏற பொடித் தூசு கூடுதலாகப் பிடிபடும், கூடவே காற்றுக்குத் தடையும் கூடும். இவன் மெர்வ் 13 நல்லது என்று படித்துவிட்டு அந்த ஒரு அங்குலச் சட்டத்திலேயே அதை வாங்கி மாட்ட, காற்றாடி முக்க ஆரம்பித்துவிட்டது. பார்க்க வந்த ஆள் 8க்கு இறங்கச் சொன்னாராம், 13தான் வேண்டும் என்றால் நாலைந்து அங்குலக் கனமுள்ள ஃபில்டர் மாட்ட இடம் பண்ணச் சொன்னாராம், மடிப்பு அதிகம் என்பதால் காற்று சுலபமாகப் போகும், மாற்றாமல் ஆறு மாதத்துக்கு மேலும் ஓட்டலாம். இப்போது 8தான் போட்டிருக்கிறான். குளிர்காலத்தில் ஃபர்னஸ் ஓய்வில்லாமல் ஓடுவதால் மாதம் ஒருமுறை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறான்.

நம் ஊர் ஸ்ப்ளிட் ஏ.சி.யில் அந்த எண்ணெல்லாம் கிடையாது. அந்த வலை காயிலைக் காப்பாற்ற வைத்தது, நம் நுரையீரலுக்கு வைத்ததில்லை. நீளமான பஞ்சு இழையை அது பிடிக்கும். இளைப்பைக் கிளப்புகிற தூசில் பொடிசானது இரண்டரை மைக்ரானுக்கும் கீழே, தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட வராது, அது வலையின் கண் வழியாகச் சாவகாசமாகப் போகும், வரும். எங்கள் அப்புச்சி, அம்மாவின் அப்பா, கோயமுத்தூரில் ஒரு மில்லில் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்கிற ப்ளோ ரூமில் வேலை பார்த்தவர். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனால் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கும் என்பார். பஞ்சுத் தூசில் வேலை செய்கிறவர்களுக்கு வரும் பிசினோசிஸ் என்ற நோயின் அடையாளமே அந்தத் திங்கட்கிழமை இறுக்கம்தான் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. மேல்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டுதான் போவார், பாவம், அந்தத் துண்டும் நம் ஏ.சி. வலை மாதிரிதான்.

அம்மா அறைக்குத் தனியாக ஹெப்பா ஃபில்டர் உள்ள ஏர் ப்யூரிஃபையர் வாங்கினேன். 0.3 மைக்ரான் தூசில் 99.97 சதவீதம் பிடிப்பதைத்தான் ஹெப்பா என்று சொல்ல வேண்டும், "ஹெப்பா மாதிரி" என்று எழுதியிருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அதைக் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும், விலையும் கொஞ்சமில்லை. வாங்கும் முன்பே மாற்று ஃபில்டர் என்ன விலை, கிடைக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது, நான் கேட்கவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டினால் பக்கத்துக் குடோனுக்கும் சேர்த்து நாம்தான் சுத்தம் செய்கிறோம்.

ஏ.சி. வலை கழுவுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தண்ணீரைப் பின்பக்கத்திலிருந்து விட வேண்டும், முன்பக்கம் விட்டால் பஞ்சு வலைக் கண்ணுக்குள் இன்னும் இறுகும். சுடுதண்ணீர் வேண்டாம், வெயிலும் வேண்டாம், சட்டம் கோணிக்கொள்ளும். எங்கள் போர்த் தண்ணீர் உப்பு, அதிலேயே அலசிக் காயவைத்தால் வெள்ளையாகப் படிகிறது, அதனால் கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை வாடை வரும். சில கம்பெனிகள் வலைமேல் சின்னப் பட்டை ஒன்று தருகிறார்கள், பி.எம். 2.5 என்று எழுதியிருக்கும், அதாவது அந்த இரண்டரை மைக்ரான் தூசுக்கானது, அந்தப் பட்டைகளில் பல தூசை மின்னூட்டத்தால் பிடிப்பவை, சோப்புப் போட்டுக் கழுவினால் அந்தச் சக்தி குறைந்துவிடும். நான் முதல் தடவையே அதையும் சேர்த்துச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்கிறார்கள். இங்கே வாரம் ஒருமுறை, ஆடிக் காற்று முடிகிற வரைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு குடோனிலும் தறி ஓடாது, பஞ்சு பறக்காது, அப்போது கழுவி மாடிப்படிக்குக் கீழே நிழலில் சாய்த்து வைத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் காய்ந்துவிடுகிறது. போன வாரம் மறந்துபோய்த் திங்கட்கிழமை கழுவி வைத்தேன், காய்வதற்குள் ஈர வலைமேல் இன்னொரு படலம் பஞ்சு ஒட்டியிருந்தது.